முன் திருகுக்கு அடியில் மூன்று துண்டு

ஓசூர் சிப்காட்டில் ஆறு நாள்
பிறர் அறுத்த உலோகத்தை அளப்பவள் நான்.
ஞாயிறு மட்டும்
நானே அறுத்த உலோகத்தின் மேல் நிற்கிறேன்,
கே.ஆர்.பி. அணைத் தண்ணீரில்.

பலகைக்குக் கீழே ஒரு தூண்.
தூணின் அடியில் இரண்டு இறக்கை.
முன்னது பெரிது, தூக்கும்.
பின்னது என் உள்ளங்கை அகலம்,
அமுக்கும்.
தூக்குவதை நம்பி வந்தவளுக்கு
அமுக்குவது புரிய மூன்று மாதம் ஆனது.

மாம்பழக் காலத்தில் பார்த்திருப்பீர்கள்,
பின்னால் ஆறு கூடை செந்தூரா கட்டிய மொபெட்.
மேடு ஏறும்போது முன்சக்கரம் தரையை மறந்துவிடும்,
ஓட்டுகிறவர் ஹேண்டில்பார் மேல் நெஞ்சைச் சாய்ப்பார்.
நான் அந்த மொபெட்.
அந்த நெஞ்சும் நான்தான்.

முதல் வாலுக்கு இரண்டு டிகிரி.
பயத்தில் வைத்த கோணம், ஒத்துக்கொள்கிறேன்.
கவுஸின் மீன்படகு கயிற்றை இழுக்க
பலகை எழுந்து நின்றது, அலுங்காமல்,
நட்டுவைத்த பந்தக்கால் போல.
வேகம் கூடக் கூட
வால் இன்னும் அமுக்கியது,
மூக்கு இன்னும் நிமிர்ந்தது,
முன்தொடை எரிய எரிய மிதித்துப் பிடித்தேன்.
கயிற்றின் நடுவே மாட்டியிருந்த மீன் தராசு
ஒன்பது கிலோ காட்டியது.
"ரெண்டு கட்லா கனம்க்கா" என்றான் கவுஸ்,
பீடியை எடுக்காமலே.

ரெண்டு கட்லாவை இழுத்துக்கொண்டா
இத்தனை நாள் பறந்தேன்?

சோடா கேன் ஒன்றை வெட்டினேன்.
தகட்டின் கனம் பத்தில் ஒரு மில்லிமீட்டர்.
வாலின் இரண்டு திருகுக்கும் இடையே இருபத்து நாலு.
ஒரு துண்டு வைத்தால் கால் டிகிரி குறையும்.
நைட் ஷிப்டில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

முன் திருகுக்கு அடியில் இரண்டு துண்டு.
எட்டு கிலோ.
தொடை கொஞ்சம் மூச்சு விட்டது.

நாலு துண்டு.
முள் ஏழுக்கும் கீழே போனதாகக் கவுஸ் கத்தினானாம்,
எனக்குக் கேட்கவில்லை,
நான் தண்ணீருக்குள் இருந்தேன்.
ஒரு கொக்கின் பக்கம் கண்ணைத் திருப்பியதுதான்,
கட்டைவிரல் நினைத்ததைப் பலகை செய்து முடித்திருந்தது.
தென்பெண்ணையை மூக்கால் குடித்தேன்.
அதன் ருசியைப் பற்றி
ஓசூர்க்காரி நான் குறை சொல்லக் கூடாது,
எங்கள் ஊர் வழியாகத்தான் அது இங்கே வருகிறது.

மூன்று துண்டு.
எழுந்ததும் முன்காலை
இரண்டு விரற்கடை பின்னுக்கு இழுத்தேன்.
என் கனம் எந்தக் காலில் என்று தேடினேன்,
அகப்படவில்லை.
கவுஸ் எஞ்சினை அணைத்தான்.
கயிற்றை விட்டேன்.
பத்துப் பதினைந்து மீட்டர் இருக்கும்,
தண்ணீருக்குள் நிற்கும் பட்ட மரத்தைத் தாண்டி
சத்தமில்லாமல் போனேன்.
காதில் காற்றும் இல்லை.
பிறகு பலகை மெல்லத் தாழ்ந்து உட்கார்ந்தது,
அடைக்கோழி முட்டை மேல் அமர்வதுபோல்
இரண்டு முறை அசைந்து.

ஏழரை என்றான்.
நாலு துண்டை விட முக்கால் கிலோ அதிகம்.
அந்த முக்கால் கிலோவுக்குத்தான்
இனி கொக்கு பார்த்துக்கொள்ளலாம்.

கரையில் தராசைக் கழற்றினேன்.
கொக்கியில் எதுவும் தொங்கவில்லை.
முள் கால் கிலோவில் நின்றது.
எத்தனை ஞாயிறாகவோ.
சுழியம் சரிபார்க்காத அளவை என்று
ஆறு நாளும் பிறரைத் திருப்பி அனுப்புகிறவள்
சுழியம் பார்க்கவில்லை.

ஒன்பது இல்லை, எட்டே முக்கால்.
எட்டும் இல்லை, ஏழரையும் இல்லை.
வித்தியாசம் மட்டும் மாறாது,
அதைத் தொடையிடமே கேட்டுக்கொள்ளலாம்.

கவுஸிடம் காட்டினேன்.
அவன் முள்ளைப் பார்த்தான்,
படகில் வாய் திறந்து கிடந்த கட்லாக்களைப் பார்த்தான்,
கரையில் பையோடு வந்து நின்றுவிட்ட
நாலைந்து பேரைப் பார்த்தான்.
"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை" என்றான்.
"சாயங்காலமா திருத்திக்கலாம்க்கா."